கியூப் கோப்ரா எதற்கு உதவும், எதற்கு உதவாது

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்களில் சொந்தமாக கியூப் வைத்திருப்பவர்கள் எப்படியும் ஒரு நாள் கியூப் கோப்ரா தளத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். இலவசம், கணக்கு தொடங்கிப் பட்டியலை ஒட்டினால் போதும், கார்டுகள் படத்தோடு நிறவாரியாக அடுக்கி வந்துவிடும். என் 540 கார்டும் அங்கேதான் இருக்கின்றன. நல்ல தளம். ஆனால் அதைப் புகழ்கிறவர்கள் சொல்லும் காரணங்களும் நான் அதை விடாமல் வைத்திருப்பதற்கான காரணங்களும் வேறு வேறு. அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: கியூப் என்பது நாமே பொறுக்கி எடுத்துச் சேர்த்த கார்டுக் கட்டு. புது பேக் வாங்கி உடைப்பதற்குப் பதில் இந்தக் கட்டைக் கலைத்து, 15 கார்டு பேக்குகளாகப் பிரித்து, ஆளுக்கு மூன்று பேக் கொடுப்போம். ஒவ்வொருவரும் ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும்; இதுதான் டிராஃப்ட். கடைசியில் கையில் 45 கார்டு இருக்கும். அதில் 23 போல வைத்துக்கொண்டு, 17 லேண்ட் (மற்ற கார்டுகளைப் போடச் செலவாகும் மனாவைத் தரும் கார்டு) சேர்த்து, 40 கார்டு டெக் கட்டி ஆடுவோம். எட்டுப் பேர் உட்கார்ந்தால் 360 கார்டு செலவாகும். ஒரே கார்டு இரண்டு தடவை வராது என்பது பெரும்பாலான கியூப்களின் வழக்கம்.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் அதிகம் பேசாத விஷயம்: மாற்றப் பதிவு. ஒரு கார்டை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும்போது எது வெளியே போனது, எது உள்ளே வந்தது என்று தேதியோடு தானாகவே பதிந்துகொள்ளும். கூடவே இரண்டு வரி எழுதி வைக்கலாம். நான் எழுதுவேன், கண்டிப்பாக எழுதுவேன். மேஜிக்கில் ஆண்டுக்குப் பல செட், அதாவது புதுக் கார்டுத் தொகுப்புகள், வெளிவருகின்றன. ஒவ்வொன்றிலும் ஆசை காட்டும் கார்டு நாலைந்தாவது இருக்கும். கியூபின் அளவோ 540, அதற்கு மேல் ஏறாது. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். 'ஏன் எடுத்தோம்' என்று எழுதி வைக்காவிட்டால், அடுத்த முறை எடுத்த கார்டையே மறுபடி ஆசையாகப் போட்டுவிட்டு, அதே காரணத்துக்காகத் திரும்பவும் எடுப்போம். இந்தப் பதிவு எனக்கு வரவு செலவு நோட்டு மாதிரி. பழைய பக்கத்தைப் புரட்டினால் எங்கே சுற்றிச் சுற்றி வருகிறோம் என்று தெரிந்துவிடும்.

இதோடு சேர்ந்தது மேபிபோர்டு. கியூபில் இல்லாத, ஆனால் யோசனையில் இருக்கும் கார்டுகளை ஓரமாக வைத்திருக்கும் இடம். புது செட் பட்டியல் வந்த அன்றைக்கே கை பரபரக்கும் என்பதால், எனக்குப் பிடித்ததையெல்லாம் முதலில் அங்கே தள்ளிவிடுவேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் பாதி கார்டு ஏன் பிடித்தது என்றே தெரியாது. மிச்சம் இருப்பதில், வெளியே போக வேண்டிய கார்டை என்னால் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் மட்டும்தான் உள்ளே வரும். அதுவும் அதே வேலையைச் செய்யும் கார்டாக இருக்க வேண்டும். ஒரு மனா செலவில் இறங்கும் சிவப்பு கிரியேச்சர் (நமக்காகச் சண்டை போடும் கார்டு) போனால் ஒரு மனா சிவப்பு கிரியேச்சர்தான் வரும். ஐந்து மனா டிராகன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்துக்கு வராது.

அடுத்து பகுப்பாய்வுப் பக்கம். நிறத்துக்கு எத்தனை கார்டு, எத்தனை கிரியேச்சர், சராசரி மனா செலவு என்ன, எந்த மனா அளவில் எத்தனை என்று அட்டவணையும் வரைபடமும் வரும். கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த அட்டவணையில் ஐந்து நிறமும் சமமாக இருந்தால் கியூப் சமநிலையில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இல்லவே இல்லை.

எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர் சேருவது அபூர்வம். நாலு பேர், மிஞ்சினால் ஆறு பேர். நாலு பேர் ஆடினால் 180 கார்டுதான் மேசைக்கு வரும், அதாவது 540-ல் மூன்றில் ஒரு பங்கு. இப்போது சிவப்பில் ஒரு மனா கிரியேச்சர் ஏழு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பார்த்தால் ஏழு, கௌரவமான எண்ணிக்கை. எட்டுப் பேர் ஆடினால் அதில் நாலோ ஐந்தோ வரும். நாலு பேர் ஆடினால் இரண்டு. முதல் சுற்றிலிருந்தே அடிக்க ஆரம்பிக்க வேண்டிய அக்ரோ டெக்குக்கு இரண்டு கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதனால்தான் 'உங்கள் கியூபில் அக்ரோ ஜெயிக்கவே மாட்டேங்குது' என்ற புகார் வருகிறது. உடனே எல்லாரும் இன்னும் பலமான சிவப்புக் கார்டைத் தேடுவார்கள். பலம் பிரச்சினையே இல்லை, எண்ணிக்கைதான் பிரச்சினை. நான் சிவப்பிலும் வெள்ளையிலும் ஒரு மனா கிரியேச்சரை 12-12 ஆக்கினேன். காப்ளின் கைடு, மோனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர், ஜாக்கல் பப், வெள்ளைப் பக்கம் இசமாரு, எலைட் வேன்கார்டு, 1993-லேயே வந்த சவானா லயன்ஸ் என்று. நாலு பேர் ஆட்டத்திலும் நிறத்துக்கு நாலு வரும். சிவப்பு வெள்ளை சேர்த்து எடுப்பவருக்கு எட்டு வரை வாய்ப்பு. அக்ரோ உயிர் பெற்றுவிட்டது. தளத்தின் வரைபடத்தில் என் கியூப் இப்போது ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. தெரியட்டும்.

இரண்டு கார்டு சேர்ந்தால் ஆட்டத்தையே முடிக்கும் காம்போவுக்கும் இதே கணக்குதான். ஸ்பிளின்டர் ட்வின் ஒரு கிரியேச்சரின் மேல் ஒட்டும் கார்டு. அந்த கிரியேச்சரைத் தட்டினால் (பயன்படுத்தியதற்கு அடையாளமாகப் படுக்க வைத்தால்) அதைப் போலவே ஒரு நகல் வரும். அதை டிசீவர் எக்சார்க் மேல் போட்டால், வரும் ஒவ்வொரு நகலும் மூலத்தை நிமிர்த்திவிடும். திரும்பத் தட்டு, திரும்ப நகல், முடிவே இல்லை, ஆட்டம் முடிந்தது. அழகான ஜோடி. ஆனால் 540-ல் இந்த இரண்டு கார்டு மட்டும் இருந்தால், நாலு பேர் ஆட்டத்தில் இரண்டும் சேர்ந்து மேசைக்கு வர ஒன்பதில் ஒரு வாய்ப்புதான். வந்தாலும் ஒரே ஆள் கையில் சேர வேண்டும். கிக்கி ஜிக்கியை ட்வினுக்கு மாற்றாகவும், பெஸ்டர்மைட்டையும் ஸெலஸ் கான்ஸ்கிரிப்ட்ஸையும் எக்சார்க்குக்கு மாற்றாகவும் சேர்த்தால், ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று. இப்போது இரு பக்கத்திலும் குறைந்தது ஒன்று வர 39 சதவீதம் போல வாய்ப்பு. ஒன்பதில் ஒன்று எங்கே, இது எங்கே. இந்த வேலையை பகுப்பாய்வுப் பக்கம் தானாகச் செய்து 'உன் காம்போ வராது' என்று எச்சரிக்காது. நாம்தான் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய கணிதம் இல்லை. ஒரு வகையில் எத்தனை கார்டு இருக்கிறதோ அதை 15-ஆல் பெருக்கி 540-ஆல் வகுத்தால் ஒரு பேக்கில் சராசரியாக எத்தனை வரும் என்று தெரிந்துவிடும்.

இனி எலோ மதிப்பெண். செஸ் வீரர்களுக்கு இருப்பது மாதிரியே ஒவ்வொரு கார்டுக்கும் தளம் எலோ கொடுக்கிறது. தளத்தில் மக்கள் டிராஃப்ட் செய்யும்போது ஒரு பேக்கில் எதை விட்டு எதை எடுக்கிறார்கள் என்பதிலிருந்து வருவது அது. பார்க்கச் சுவாரசியமாக இருக்கும். இதை வைத்து கியூபைச் சீர் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடுக்கப்படுவதை அது அளக்கிறது, ஜெயிப்பதை அல்ல. அதுவும் உலகத்தில் உள்ள எல்லா வகைக் கியூபையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய எண். பிளாக் லோட்டஸ் போன்ற மிகப் பலமான கார்டு இருக்கும் கியூபும் எளிதில் கிடைக்கும் காமன் கார்டு மட்டும் கொண்ட பாப்பர் கியூபும் ஒரே தராசில்.

உமெசாவாஸ் ஜிட்டே என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். 2005-ல் வந்த உபகரணம். போட இரண்டு மனா, மாட்ட இரண்டு மனா, எந்த நிறத்துக்காரரும் வைத்துக்கொள்ளலாம். அதை மாட்டிய கிரியேச்சர் சண்டையில் அடி கொடுத்தால் ஜிட்டேவில் இரண்டு கவுன்டர் (கணக்கு வைக்கும் குறி) ஏறும். ஒவ்வொரு கவுன்டரையும் செலவழித்து எதிராளியின் கிரியேச்சர் ஒன்றின் பலத்திலும் தாங்குதிறனிலும் ஒன்று குறைக்கலாம், அல்லது நம்முடையதற்கு இரண்டு கூட்டலாம், அல்லது இரண்டு உயிர் ஏற்றலாம். கவனிக்க வேண்டியது, எதிராளி தடுத்தாலும் கவுன்டர் ஏறிவிடும். யாரை அடித்தது என்ற பேச்சே அந்தக் கார்டில் இல்லை. ஆக, ஒரு மனாவுக்கு வந்த பொடி கிரியேச்சர் கையில் ஜிட்டே இருந்தால் எதிரில் சின்ன கிரியேச்சர் எதுவும் நிற்க முடியாது. ஜிட்டே போன்ற ஆர்ட்டிஃபாக்டை உடைக்கும் கார்டு கையில் இல்லாதவர் அந்த ஆட்டத்தைக் கை கழுவலாம். மூன்றாவது சுற்றிலேயே பெரிய பூதங்கள் இறங்கும் வின்டேஜ் கியூபில் இது நல்ல கார்டு, அவ்வளவுதான். கிரியேச்சர் சண்டையை நம்பி இருக்கும் என் கியூபில் இது மற்ற 539 கார்டையும் அற்பமாக்கிவிடும். எலோவைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியுமா? தெரியாது. ஜிட்டேவும் சோல் ரிங்கும் ஸ்கல்கிளாம்பும் என் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் எந்த மதிப்பெண்ணும் இல்லை. இவை மூன்றுமே எந்த டெக்கிலும் பொருந்தும், அதனால் பேக்கைத் திறந்தவுடன் யோசிக்கவே வேண்டாம். யோசிக்க வேண்டாத கார்டு டிராஃப்டில் எதற்கு?

என் தங்கை எப்போதும் பச்சைதான் எடுப்பாள். சொன்னால் கேட்கமாட்டாள். ஒரு தடவை தொடர்ந்து தோற்றுவிட்டு, 'அண்ணா, இந்தப் பச்சைல எல்லாமே பெருசு பெருசா இருக்கு, ஆனா ஜெயிக்கவே முடியலையே' என்றாள். பகுப்பாய்வுப் பக்கத்தைத் திறந்தால் பச்சைதான் கிரியேச்சர் எண்ணிக்கையில் முதலிடம், சராசரி பலத்திலும் முதலிடம். அட்டவணைப்படி பச்சை ஓங்கி நிற்கிறது. ஆட்டத்தில் நடந்தது வேறு. அவள் ஆறு மனா சேர்த்து ஒரு பூதத்தை இறக்குவாள். எதிராளி ஒரே ஒரு வெள்ளை மனா கொடுத்து ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ் போட்டு அதை ஆட்டத்திலிருந்தே அனுப்பிவிடுவார். ஆறுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே போனால் யார் ஜெயிப்பார்? ஸ்வோர்ட்ஸை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது சரியல்ல, மலிவான பதிலடி இல்லாவிட்டால் இன்னும் பல டெக் அடங்காமல் போகும். பதிலாக, வெறும் உடம்பு மட்டும் உள்ள பெரிய பச்சைக் கார்டுகளை எடுத்துவிட்டு, இறங்கும்போதே ஏதாவது கொடுத்துவிடும் கார்டுகளைப் போட்டேன். எடர்னல் விட்னஸ் வந்தால் கல்லறையிலிருந்து (தீர்ந்துபோன கார்டுகள் கிடக்கும் இடம்) ஒரு கார்டு கைக்கு வரும். த்ராக்டஸ்க் வந்தால் ஐந்து உயிர் கூடும், போனால் 3/3 (பலம் மூன்று, தாங்குதிறன் மூன்று) மிருகம் ஒன்று வரும். இப்போது ஸ்வோர்ட்ஸ் போட்டாலும் அவள் கையில் ஏதோ மிஞ்சுகிறது. எண்களின்படி பச்சையின் சராசரி பலம் இறங்கிவிட்டது. அவள் இப்போது ஜெயிக்கிறாள், கொஞ்சம் அதிகமாகவே.

நிறக் கணக்கில் தளம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, ஆனால் திருத்தும் வசதியும் அங்கேயே இருக்கிறது. 2005-ல் ராவ்னிகா செட்டோடு வந்த ஹைப்ரிட் மனா கார்டுகள். ஃபிகர் ஆஃப் டெஸ்டினியைச் சிவப்பு மனாவாலும் போடலாம், வெள்ளை மனாவாலும் போடலாம். தளம் இதை இருநிறக் கார்டாகச் சேர்த்துவிடும். உண்மையில் இது சிவப்பு மட்டும் ஆடுபவருக்கும் உதவும், வெள்ளை மட்டும் ஆடுபவருக்கும் உதவும். இரண்டு நிறமும் கட்டாயம் வேண்டும் என்று கேட்கும் தங்கக் கார்டுதான் இருநிறப் பெட்டிக்கு உரியது. பத்து நிற ஜோடிக்கும் தலா நாலு கார்டு வைத்தால் 40 ஆகிறது. அந்த ஒவ்வொரு கார்டையும் நாலு பேரில் அநேகமாக ஒருவர்தான் ஆட முடியும், சில சமயம் யாருமே முடியாது. அதனால் அந்தப் பெட்டியில் ஹைப்ரிட்டைப் போட்டு இடத்தை அடைக்கக் கூடாது. கார்டைச் சொடுக்கி நிற வகையை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஃபிகரை சிவப்பிலும் கிச்சன் ஃபிங்க்ஸைப் பச்சையிலும் வைத்திருக்கிறேன்.

பாட்களோடு, அதாவது கணினியே ஆடும் ஆட்களோடு, தனியாக டிராஃப்ட் ஆடிப் பார்க்கும் வசதியும் உண்டு. ராத்திரி தூக்கம் வராவிட்டால் நல்ல பொழுதுபோக்கு. புதிதாக ஒரு டெக் வகையைப் போட்டால் அது கையில் சேருகிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாட் என் தங்கை மாதிரி பிடிவாதமாகப் பச்சை எடுக்காது.

சமநிலைக்கு நான் நம்புவது மேசையில் மிஞ்சுவதை. நாலு பேர் ஆடும்போது 15 கார்டு பேக் ஒன்று ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்ப வரும். முதலில் பார்த்தவர் அதையே 15, 11, 7, 3 கார்டாக நாலு தடவை பார்ப்பார். அந்தக் கடைசி மூன்று கார்டு இருக்கிறதே, அவற்றை நாலு பேரும் தலா மூன்று முறை பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவான தீர்ப்பு கிடையாது. அந்த மூன்றுக்கும் தளத்தில் 'மிச்சம்' என்று ஒரு டேக் போட்டுவிடுவேன். அடுத்த முறையும் மிஞ்சினால் இரண்டாவது டேக். டேக்குக்கு நிறம் கொடுக்கலாம் என்பதால் பட்டியலைத் திறந்தவுடன் கண்ணில் படும். ஆனால் மிஞ்சிய கார்டெல்லாம் மோசமான கார்டு இல்லை. ஸ்பிளின்டர் ட்வின் கடைசியில் மிஞ்சியது என்றால் ட்வின் மேல் தப்பில்லை. ஜோடி வராது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் கார்டை எடுப்பதா, துணை சேர்ப்பதா என்பதை எந்தத் தளமும் சொல்லாது.

பரிந்துரைப் பகுதி பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பட்டியலைப் பார்த்து, அதே மாதிரி கியூப்களில் இருந்து உங்களிடம் இல்லாத கார்டுகளைக் காட்டும். மறந்துபோன கார்டு ஒன்றிரண்டு அதில் தென்படும். அது சொல்வதையெல்லாம் போட்டுக்கொண்டே போனால் உங்கள் கியூபும் ஊரில் உள்ள எல்லா கியூபும் ஒன்றாகிவிடும். நான் ஸ்க்ரைஃபால் என்ற கார்டு தேடும் தளத்துக்குப் போய்விடுவேன். 'ஒரு மனா, வெள்ளை, பலம் இரண்டுக்குக் குறையாமல்' என்று கேட்டால் 1993 முதல் இன்றுவரை உள்ளதைக் கொட்டும். அதில் யாரும் தொடாத பழைய கார்டு கிடைக்கும்போது வரும் சந்தோஷமே தனி.

தளத்துக்கு வெளியே ஒரு எச்சரிக்கை, அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு. ஸ்லீவ், அதாவது கார்டுக்குப் போடும் உறை. ஒரு நிறுவனத்தின் கறுப்பு ஸ்லீவில் முழுக் கியூபையும் போட்டிருந்தேன். அப்புறம் அதே பெயர், அதே நிறம் என்று இன்னொரு பெட்டி வாங்கினேன். புது பெட்டியின் கறுப்பு கொஞ்சம் பழுப்படித்தது, முனையும் லேசாகக் கூர்மை. புதிதாக வந்த கார்டெல்லாம் கட்டின் பின்பக்கத்திலிருந்தே தெரிந்தது. டெக்கின் மேலே இருப்பது புது கார்டு என்று எல்லாருக்கும் தெரிந்தால் ஆட்டம் என்ன ஆட்டம்? தொடங்கும்போதே உபரியாக இரண்டு பெட்டி, ஒரே தொகுப்பில், வாங்கி வைத்துவிடுங்கள். வெளியே போகும் கார்டின் ஸ்லீவிலேயே உள்ளே வரும் கார்டைப் போடுவது இன்னும் நல்லது.

பெரிய மாற்றம் செய்த பிறகு நான் கடைசியாகத் திறப்பது டோக்கன் பக்கம். பட்டியலில் உள்ள கார்டுகள் உண்டாக்கும் டோக்கன்கள் (கட்டில் இல்லாமல் ஆட்டத்தில் உருவாகும் மிருகம் போன்றவற்றுக்கான அடையாளக் கார்டுகள்) எல்லாவற்றையும் அது வரிசையாகக் காட்டும். த்ராக்டஸ்க் வந்ததால் 3/3 மிருகம் வேண்டும் என்று நமக்கு ஞாபகம் இருக்காது, ஆட்டத்தின் நடுவில் பேப்பர் கிழித்து எழுதுவோம். அந்தப் பக்கத்தைப் பார்த்து டோக்கன் பெட்டியை நிரப்பிவிட்டு, பட்டியலை சிஎஸ்வி கோப்பாக ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்கிறேன்.